பின்பக்கம் காலி

காகிதத்தை வீணாக்குகிறவன் இல்லை நான், சார். என் கல்யாணப் பத்திரிகையையே பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் அச்சடிக்கப் பார்த்தவன்; மாமனார் விடவில்லை. நீங்களும் என் வாக்குமூலம் எழுதுகிற தாளில் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

பேர் சூசையப்பன். மூணாறுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் ஆபீசில் தபால் பார்க்கும் கிளார்க். லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளிகளின் தபாலும் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். உரக் கம்பெனி விளம்பரம், இன்சூரன்ஸ் நோட்டீஸ், ஒரே சர்க்குலர் மூன்று பிரதி என்று மாதம் மூன்று சாக்குக் குப்பை. குறைக்கச் சொன்னார் மேனேஜர். வேண்டாத தபாலைப் பாதியாக வெட்டி, எழுதாத பக்கம் மேலே வரும்படி கிளிப் போட்டு, லீவுச் சீட்டு எழுதுகிற கட்டாக ஆக்கினேன். எது வேண்டாதது என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமே. தமிழ் மட்டும் வாசிக்கிற ஆளுக்கு மலையாளத்தில் வந்தால் அது வேண்டாதது. மூன்று சாக்கு அரைச் சாக்கானது.

கொழுந்து எடுக்கும் கத்தரீனாள் தினமும் ஜன்னலில் வந்து நிற்பாள். மார்பில் கட்டி. கீழே பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். லயத்தில் போனுக்கு ரேஞ்சு இல்லாததால் ஆபீஸ் விலாசம் கொடுத்திருந்தாள்.

"தபாலு வந்துச்சா சாரே? இல்ல, அதையும் வெட்டிக் கிளிப்பு மாட்டிட்டியளா?"

"ஒங்களுக்கு யாருக்கா காதல் கடுதாசி போடப்போறான்?" என்பேன். சிரிப்பாள்.

ஜூனில் ஒருநாள் சீட்டுக் கட்டைப் புரட்டும்போது அவள் பெயர் கண்ணில் பட்டது. அந்த அரைத் தாளிலேயே எல்லாம் இருந்தது: புற்றுநோய்; இரண்டு வாரத்துக்குள் வந்து அட்மிட் ஆகவும். தேதி பார்த்தேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்கு மலையாளம் நன்றாக வாசிக்க வரும், அதை மறைக்கவில்லை.

ஆனால் அன்று காலைதான் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும், குப்பையைக் குறைத்ததற்காக மேனேஜர் எனக்குப் பொன்னாடை போட்டிருந்தார். இந்த ஒன்றைக் கொடுத்தால் முன்னால் வெட்டினதையெல்லாம் கேட்பார்கள். மூன்று சாக்கும் திரும்பி வரும். தாளைக் கட்டின் அடியில் வைத்தேன்.

மறுநாள் அவள் கேட்டபோது இல்லை என்றேன்.

"அப்ப சீக்கு இல்ல சாரே. இருந்தாத்தான் எழுதுவோம்னு டாக்டரம்மா சொன்னாவ."

அடுத்த நாள் ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தாள். தின்றேன். வீணாகக் கூடாது பாருங்கள்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு லீவு கேட்டு அவள் புருஷன் சுவக்கீன் ஜன்னலுக்கு வந்தார். பழைய சீட்டுக் கட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு தாள்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புதுக்கட்டைப் பிரித்திருக்கலாம், பழசில் ஒரு தாள் இருக்கும்போது என் கை அதற்குப் போகாது. மூன்று நாள் லீவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு மலையாளம் வராது. மகள் டின்சி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வெட்டினது நான். தெரிந்தே மறைத்ததும் நான். கொன்றேன் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். தபாலைக் கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அது உரிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. என் கையாலேயே கொடுத்தேன்.