ஐயாயிரம் மஞ்சள் கொடிகள்

வெறுங்கையோடு நிற்கும் கூட்டம் தொலைக்காட்சியில் எடுபடாது. நீங்களே ஒருநாள் கவனித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் நின்றாலும் பேருந்து வராத நிறுத்தம் மாதிரிதான் இருக்கும். அதே கூட்டத்தின் கையில் ஆளுக்கொரு கொடியைக் கொடுத்துவிட்டால் மகிழ்ச்சி கரைபுரள்கிறது என்று வர்ணனையாளர் தானாகவே சொல்லிவிடுவார். கொடி கொடுத்தது ஏன் என்றுதானே முதலில் கேட்டீர்கள்? அதற்குத்தான் இந்தப் பதில். மற்றதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்கத் தண்ணீர் இருந்தால் வையுங்கள். குளிர்ந்தது வேண்டாம், மேடையில் பேசுகிறவன் தொண்டை.

அப்போது நான் கார் பந்தயக் குழுவின் விளம்பரப் பொறுப்பாளன். பாதுகாப்புக் குழுவின் தலைவரானது விபத்துக்குப் பிறகு. அந்த வருடம் பந்தயத்துக்குப் புரவலராக வந்தது ஓர் இன்ஜின் எண்ணெய்க் கம்பெனி. அவர்களுடைய நிறம் மஞ்சள். டப்பா மஞ்சள், லாரி மஞ்சள், மேலாளரின் கழுத்துப்பட்டை மஞ்சள். மனிதர் சிரித்தால் பல்லும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஐயாயிரம் கொடி தைத்துத் தருகிறேன் என்று அவர் சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

பந்தயத்தில் மஞ்சள் கொடிக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்பது அதன் அர்த்தம். வண்டிக்குள் இருப்பவன் காதில் இன்ஜின் சத்தம் தவிர வேறெதுவும் விழாது. அவனோடு பேசக்கூடிய ஒரே ஆள், வளைவில் மேடைமேல் கொடியோடு நிற்பவன்.

மூன்றாவது வளைவில் அப்படி நின்றவன் என் தங்கையின் கணவன். வாரநாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, பந்தய நாளில் சம்பளமில்லாத தளபதி. நாங்கள் கொடுப்பது ஒரு தொப்பியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும். அதற்கு அவன் முதல்நாளே கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் நாற்காலி முதுகில் தொங்கவிடுவான். ஒருமுறை போனில் பேசிக்கொண்டே தேய்த்ததில் கொடியின் மூலையில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்துவிட்டது. அன்று முழுக்க மனிதன் சரியாகச் சாப்பிடவில்லை.

"என் துணிய ஒருநாளாவது இப்படித் தேய்ச்சிருக்கீங்களா? அதான் அந்தப் பெட்டிக்கே பொறுக்கல" என்றாள் தங்கை.

பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மாதிரிக்கு வந்த கொடியைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மச்சான், விளையாடுறீங்களா? எல்லாரும் மஞ்சள ஆட்டினா என் மஞ்சள எவன் பாப்பான்?"

"நீ மேடை மேல நிக்கிற மாப்ளே. அவங்க கீழ நிக்கிறாங்க."

"அவ்வளவு வேகத்துல வர்றவன் மேல கீழன்னு பிரிச்சா பாப்பான்? நிறத்தத்தான் பாப்பான். வேற நிறத்துல குடுக்கச் சொல்லுங்க."

"ஒரு கொடிக்காக கம்பெனிய நிறம் மாத்திக்கச் சொல்லவா? நீ கொஞ்சம் பலமா ஆட்டு."

தங்கை குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் ஆட்டுவாரு அண்ணே. வீட்டு வேலைக்குத்தான் கை அசையாது."

மூன்று பேரும் சிரித்தோம். முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததா என்று கேட்டீர்களே, அது இதுதான். எழுத்தில் எதுவும் வரவில்லை.

பந்தய நாள் காலை, பயிற்சிச் சுற்றில் ஓட்டுநர்கள் தடுமாறினார்கள். மஞ்சளைக் கண்ட இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்தார்கள். எல்லா இடத்திலும் மஞ்சள். "என்ன சார், காய்கறி வண்டி மாதிரி உருட்டுறாங்க?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. நான் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, ஓரத்தில் மஞ்சளாக எது அசைந்தாலும் பொருட்படுத்த வேண்டாம், அது ரசிகர்களின் அன்பு என்று விளக்கினேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். உடனே கற்றுக்கொண்டார்கள்.

பந்தயம் பாதி தாண்டியபோது நான் மூன்றாவது வளைவில் ஒரு கேமராக்காரரோடு நின்று கூட்டத்தை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி சறுக்கிச் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றது. மாப்பிள்ளை கொடியை எடுத்து ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான், அந்த விஷயத்தில் அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டமும் பரபரப்பில் எழுந்து ஆட்டியது. அவ்வளவு அழகான காட்சி அந்த மைதானத்தில் அதற்குமுன் அமைந்ததில்லை. அடுத்து வந்தவர் நான் சொல்லிக்கொடுத்தபடியே மஞ்சளைப் பொருட்படுத்தவில்லை.

மோதலில் கழன்ற சக்கரம் ஒன்று கொடி மேடையை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. ஓட்டுநர்கள் இருவரும் எப்படியோ வெளியே வந்து நொண்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் கீழே கிடந்தான். அந்த நிமிடம்வரை சாவு என்று எதுவும் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். கொடி அவன் கைப்பிடிக்குள்ளேயே இருந்தது. கம்பு முறிந்திருந்தது, துணியை விடவில்லை. நெருக்கடியில் எனக்கு மூளை தெளிவாக வேலை செய்யும், எல்லோரும் சொல்வார்கள். கொடி அவன் கையில் இருந்தால், ஆட்டியும் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும். அதற்கான பதில் வேலிக்குப் பின்னால் ஐயாயிரம் கைகளில் இருந்தது. கொடி கையில் இல்லாவிட்டால் கேள்வியே வேறு. விரல்கள் சற்றுப் பிடிவாதம் பிடித்தன. இரண்டு விரலைப் பிரித்திருப்பேன், அப்புறம் அவனே விட்டுக்கொடுத்தான். என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

"ஆட்டுங்க மச்சான்" என்றான். "அடுத்த வண்டி வருது."

நான் துணியை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். நல்ல தையற்காரர் தைத்த கோட்டு, புடைப்பே தெரியவில்லை. அடுத்த வண்டி வந்தது. கிடந்த வண்டிகளின்மேல் ஏறி, வேலியைத் தாண்டி, கூட்டத்துக்குள் போய் நின்றது. ஓட்டுநரோடு சேர்த்துப் பதினொரு பேர் அங்கேயே செத்தார்கள். மாப்பிள்ளை மருத்துவமனைக்குப் போகும் வழியில்.

நான் ஆட்டியிருந்தால் அந்தப் பதினொரு பேர் பிழைத்திருப்பார்களா என்றுதான் இப்போது கேட்கப்போகிறீர்கள். மஞ்சளுக்குள் மஞ்சள் தெரியாது என்று சொன்னவன் அவன்தானே. நான் அவன் பேச்சை நம்பினேன், அவ்வளவுதான்.

முதல் விசாரணை மரியாதையாகவே நடந்தது. மஞ்சள் கொடியைப் பார்த்தீர்களா என்று சாட்சிகளைக் கேட்டார்கள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதில் கொடிக்காரருடையது எது என்று கேட்டார்கள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கேமராவிலும் கூட்டம் மட்டுமே பதிந்திருந்தது. அவர் கொடியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததை நான் கனத்த மனத்தோடு தெரிவித்தேன். சொந்த மாப்பிள்ளையைப் பற்றியே உண்மை பேசுகிறாரே என்று விசாரணைக் குழு நெகிழ்ந்துவிட்டது. பாதுகாப்புத் தலைவர் பதவி அங்கேதான் முளைத்தது.

பந்தயத்துக்கு அந்த விபத்து செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஒரு வருடம் நிறுத்திவைத்தோம். வேலியைப் பின்னால் தள்ளினோம். மனிதர்களை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, கொடிக்காரர்களுக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வளைவுதோறும் மின்னும் விளக்குப் பலகை வைத்தோம். பந்தயத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம், அதற்கும் ஒரு புரவலர் உண்டு. மூன்றாவது வளைவில் பளிங்குக் கல்லில் பதினொரு பெயர். டிக்கெட் முதலில் தீர்ந்துபோவது அந்தக் கல்லுக்குப் பக்கத்து வரிசைதான்.

தங்கை வந்தாள்.

"அண்ணே, கல்லுல அவர் பேரு இல்லையே."

"குழுவோட முடிவும்மா."

"குழுவுக்குத் தலைவர் யாரு?"

"நான்தான். ஆனா தலைவர் தனியா முடிவெடுக்க முடியாது."

"வேடிக்கை பாத்துட்டு நின்னவன் பொண்டாட்டின்னு கடைத்தெருவுல என் காதுபடப் பேசுறாங்க. தூக்கத்துல கூட கைய ஆட்டுற மனுஷன் அண்ணே அவரு. அந்தப் பேர மட்டும் போட்டுக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

போட்டிருக்கலாம்தான். பதினொன்று, கல்லில் அம்சமாக உட்கார்ந்திருந்தது.

போன மாதம் எனக்குப் பாதுகாப்புக்கான கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் சிறிய விருந்து. தங்கையும் வந்திருந்தாள். என் மனைவி கண்ணாடி அலமாரியிலிருந்து கேடயத்தை எடுத்து, எல்லோருக்கும் காட்டுவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் துணியால் துடைத்தாள். பழைய கோட்டில் கிடைத்ததாம். கறையெல்லாம் போகத் துவைத்து வைத்திருக்கிறாள். சிக்கனக்காரி, அவளுக்கு வேறொன்றும் தெரியாது. தங்கை அந்தத் துணியை வாங்கி மேசைமேல் விரித்தாள். மூலையில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு. அது மட்டும் எந்த சோப்புக்கும் போகவில்லை. அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆக, கொடியை எடுத்தது நான். ஆட்டாமல் நின்றது நான். அவன்மேல் பழி போட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்லில் கீழே கொஞ்சம் இடமிருக்கிறது, சின்ன எழுத்தில் அவன் பெயரையும் வெட்டிவிடலாம். நான் திருந்தாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் புரவலர் அதே எண்ணெய்க் கம்பெனிதான். மறுபடியும் கொடி என்று ஆரம்பித்தார்கள். என் பிணத்தின்மேல்தான் அது நடக்கும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். கொடி கிடையாது. இந்தமுறை கையில் கட்டிக்கொள்கிற குட்டி விளக்கு. நேற்றே டிக்கெட்டோடு சேர்த்து எல்லா ஊருக்கும் அனுப்பியாகிவிட்டது. வெளியே என் பையில் சில இருக்கின்றன. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் மஞ்சளாக மின்னும், நம் வளைவு விளக்கு மாதிரியே இருக்கும்.