ஆறு விரல் காட்டிய பிள்ளை

என் பெயர் மா கும்-ஓக். கணவர் காலமாகிவிட்டார். வயது எழுபத்திரண்டு. பாஸ்போர்ட் கணக்கில் எழுபதுதான் வருகிறது என்று இங்கே சொன்னார்கள், எனக்கு எழுபத்திரண்டு. தென் கொரியாவில் தொங்யோங் ஊர்ச் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகப் போலீஸ் மொழிபெயர்ப்பாளர் மினோரி அம்மா சொன்னார். இன்று வாயால் சொன்னது போதும் என்று காகிதத்தை வாங்கி நானே எழுதுகிறேன்.

2018 பிப்ரவரி 18, எங்கள் புத்தாண்டின் மூன்றாம் நாள், மருமகள் ஹேரான், பேத்தி பியோ தான்பி, நான் ஆகிய மூவரும் பூசானில் கப்பல் ஏறி ஜப்பானில் உள்ள இந்த ஃபுகுவோக்காவுக்குச் சுற்றிப்பார்க்க வந்தோம். கப்பலில் பேத்தியிடம், "வெளிநாட்டுல தெரியாதவங்க என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது, புரியுதா" என்று சொன்னது நான்தான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

மதியம் ஒன்று இருபதுக்குத் துறைமுகத்தை அடுத்த பெரிய கடைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தோம். உள்ளே புழுக்கமாக இருந்ததால் பேத்தியின் சிவப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். மருமகள் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு சீப்பை எடுத்து, பல் சரியாக இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளை இல்லை. அவ்வளவு நேரம்தான்.

அதன் பிறகு நான் பெயர் சொல்லிக் கத்தினேன். மருமகள் ஒற்றைக் கால் செருப்போடு ஓடி வந்து, போனில் எங்கள் நாட்டுப் போலீஸ் எண்ணான 112-ஐ அழுத்தப் போனாள். கடைப்பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு முறை ஒரு விரலும் பிறகு ஒரு வட்டமும் காட்டினாள். இங்கே போலீஸ் எண் 110 என்று புரிந்துகொள்ள எங்களுக்குச் சற்று நேரமானது. அதன் பிறகு ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். அதன் பிறகு காவலர் உசுகி அவர்களும் மினோரி அம்மாவும் வந்து என்னைக் காவல் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளையின் போட்டோ மருமகள் போனில்தான் இருந்தது. அவள் அதைக் கடை கடையாகக் காட்டிக்கொண்டு ஓடினாள், கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பெயர், உடை, உயரம், வயது கேட்டார்கள். மஞ்சள் ஸ்வெட்டர், இரட்டைப் பின்னல், வயது ஆறு என்றேன். உயரத்துக்கு என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். உசுகி அவர்கள் என் கையைப் பார்த்து, ஆறு வயதுக்குக் குட்டையாக இருக்கிறதே என்றார்.

"எங்க பக்கத்துப் புள்ளைங்க உருவம் சின்னதாத்தான் இருக்கும், பலம் இருக்கும்" என்றேன்.

அதே கேள்விகளை நான்கு முறை கேட்டார்கள். மூன்று முறை டீ வந்தது. "டீ கொண்டாற ஆள் இருக்கு, தேடப் போக ஆள் இல்லையா?" என்று கேட்டேன். மினோரி அம்மா அதை மாற்றி, நான் நன்றி சொன்னதாகச் சொல்லிவிட்டார். நன்றிக்கு இவர்கள் சொல்லும் வார்த்தை எனக்கும் தெரியும். ஐந்து பெற்று, ஒன்பது பேரப்பிள்ளைகளைப் பார்த்தவள் நான். சந்தைக் கூட்டத்தில் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை.

மூன்று பத்துக்கு ஒரு போன் வந்தது. மினோரி அம்மா என்னிடம், "பாட்டி, ஊருக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு இருக்காளாம். மஞ்சள் ஸ்வெட்டர். வாயே தொறக்கலையாம். ஆனா பாத்தா நாலு வயசுதான் இருக்குமாம்" என்றார்.

"நாலு வயசுப் புள்ளைய வச்சு நான் என்ன பண்ண? எம் பேத்திக்கு ஆறு. அது யாரு பெத்ததோ, அவங்களத் தேடுங்க" என்றேன். உசுகி அவர்கள் இன்னொரு முறை கேட்டார். இல்லை என்று இன்னொரு முறையும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு மருமகள் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தாள். படிவத்தைக் கொடுத்தார்கள். பிறந்த தேதி என்ற இடத்தில் 2013 டிசம்பர் 28 என்று எழுதினாள். உசுகி அவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மினோரி அம்மாவிடம் ஏதோ சொன்னார்.

"பாட்டி, இந்தத் தேதிப்படி கொழந்தைக்கு நாலுதானே ஆகுது?"

"எப்படி நாலு? பொறந்தப்பவே ஒண்ணு. நாலு நாள்ல வருசம் பொறந்துச்சு, ரெண்டு. அங்கேருந்து நீங்களே எண்ணுங்க. புத்தாண்டு சூப் ஒரு கிண்ணம் குடிச்சா ஒரு வயசு கூடும்பாங்க எங்க ஊர்ல. முந்தாநாளு புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை சூப் ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு, நான் இப்ப ஏழா பாட்டின்னு கேட்ட புள்ள அது."

மினோரி அம்மா விரல் விட்டு எண்ணினார். ஆறில் நின்றார். "இங்க பொறந்த நாள் வந்தாத்தான் ஒண்ணு கூட்டுவோம், பாட்டி" என்றார்.

மருமகள் என் பக்கம் திரும்பி, "அத்தை, நாலு வயசுப் புள்ளன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்க" என்றேன்.

அவள் என் கையிலிருந்த சிவப்புக் கோட்டை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு போலீஸ் வண்டியில் மேற்படி ஸ்டேஷனுக்குப் போனோம். பேத்தி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். தன் அம்மாவின் நீலக் கோட் போலவே போட்டிருந்த ஒருத்தி பின்னால் பஸ் ஏறிவிட்டாள் என்றும், கடைசி நிறுத்தத்தில் டிரைவர் கண்டு ஒப்படைத்தார் என்றும் சொன்னார்கள். அங்கிருந்த பெண் காவலர் விரலை நீட்டி நீட்டி வயது கேட்டாராம். பிள்ளை ஆறு விரல் காட்டியிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே அதில் இரண்டை மடக்கிவிட்டாராம்.

பேத்தி என்னைக் கண்டதும், "பாட்டி, நான் ஒரு வார்த்தகூடப் பேசல" என்றாள்.

இனி எங்கள் நாட்டார் யாராவது பிள்ளையைக் காணோம் என்று வந்தால், வயதைக் கேட்க வேண்டாம், பிறந்த தேதியைக் கேளுங்கள்.

மேலே கண்டதெல்லாம் நான் பார்த்தபடி, சொன்னபடி எழுதியது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குழந்தையின் வயது நான்கு என்று எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்: நான்கு. பக்கத்தில் ஆறு என்றும் எழுதுகிறேன். அதை அடிக்கக் கூடாது. பெருவிரல் வைக்க மை கொண்டு வந்தார்கள். வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்) மா கும்-ஓக், வயது 72