மூச்சை விட்டால் பிள்ளை மேலே ஏறிவிடும்

என் பெயர் முருகம்மாள், வயது இருபத்து நான்கு, ஓடைப்பட்டி மேற்குத் தெரு ராக்கப்பனின் மனைவி, தற்போது கூடலூரில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கர்ப்பப்பை இறங்கிய நோயை மறைத்து என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், ஆகவே கல்யாணமே செல்லாது என்று என் கணவர் போட்ட வழக்கில் சத்தியம் செய்து சொல்கிறேன். நான் அந்த வீட்டுக்கு வாழப் போகும்போது நல்ல உடம்போடுதான் போனேன்.

கல்யாணமான மறுவருடம், 1977 ஆவணியில், ஒரு நாள் காலை எனக்குப் பனிக்குடம் உடைந்தது. என் மாமியார் ஒச்சம்மாளும் பக்கத்து வீட்டு ராஜாத்தியும் உத்தரத்தில் கயிறு கட்டி என் கையில் கொடுத்தார்கள். வலி சரியாகப் பிடிக்கவே இல்லை, அதற்குள் முக்கச் சொன்னார்கள். முக்குகிறவள் வாய்வழியாக மூச்சை விட்டால் பிள்ளை மேலே ஏறிவிடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. ஆகவே நான் மூச்சு விடப் போகும்போதெல்லாம் ராஜாத்தி முந்தானையால் என் வாயைப் பொத்தினார். "மூச்ச விட்றாத ஆத்தா, அடக்கி முக்கு" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். முக்கினேன், வேறு என்ன செய்ய?

அதன் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் நான் அந்த அறையில் இல்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் படுத்திருந்தேன். வெயில் இலைக்குள் புகுந்து பச்சையாக என்மேல் விழுந்தது. வாய்க்கால் தண்ணீர் முதுகுக்குக் கீழே குளிர்ச்சியாக ஓடியது. செத்துப்போன என் அம்மா கொத்துகளை விலக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். அங்கேயே இருந்துவிடலாமென்று ஆசையாக இருந்தது. வாயைப் பொத்தியதும் மறுபடி கயிறு கையில் இருந்தது.

அதன் பிறகு, வெயில் சாய்ந்த நேரத்தில், என் கணவர் நர்சு கிருபாவதியை அழைத்துவந்தார். அவர் முதலில் கயிற்றை அவிழ்த்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "நல்லா மூச்சு விடும்மா. ஒன் ஒடம்பே தள்ளும், அப்பக் கூடச் சேந்து தள்ளுனாப் போதும்" என்றார். பெண்பிள்ளை பிறந்தது. ஆனால் அதற்குள் கீழே சதையெல்லாம் தொய்ந்துபோயிருந்தது.

அதன் பிறகு தீட்டுக் கழித்துத் தோட்டத்துக்குப் போய்த் திராட்சைக் கூடையைத் தூக்கியபோது அடியில் ஏதோ இறங்கி வந்தது. இருமினால் சேலை நனைந்தது. தேனியில் டாக்டரம்மா, இறங்கியதைத் தாங்க உள்ளே வளையம் வைத்து, மூத்திரத்தை அடக்குவதுபோல் தினமும் உள்ளே இறுக்கிப் பழகச் சொன்னார். பழகுகிறேன், இப்போது கொஞ்சம் தேவலை. என் கணவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "வீச்சமடிக்குது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தில் படுக்கப் போனார். இத்தனை ஆண்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் அவர் சொன்ன பொய் நிலைத்துவிடும்.

இன்று காலை, மகனுக்குச் சாட்சி சொல்ல வந்த என் மாமியார் கோர்ட்டு வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இவனப் பெத்ததுல இருந்து எனக்கும் அப்படித்தேன்டி. துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தேன் களையெடுத்தேன். எங்க மாமியாளும் இப்படித்தேன் வாயப் பொத்துனாக" என்றார். "அப்ப அதைய உள்ள வந்து சொல்லுங்க அயித்த" என்றேன். அவர் அழுதார்.

அடுத்து அவரைத்தான் கூப்பிடப்போகிறீர்கள். அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது மட்டும் அவர் மகனை வெளியே அனுப்பிவிடுங்கள்.

நான் சொன்னது எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, கூட்டலும் குறைத்தலும் இல்லை, எல்லாம் நடந்த உண்மை.

(ஒப்பம்) முருகம்மாள்
12.3.1979