பொடி எழுத்து

— வேண்டாமுங்க மாமா, அந்தச் செவப்பு டப்பாவத் திரும்பியும் வாங்கிட்டு வந்துராதீங்க. போன வாரம் அதப் போட்டுத்தான் என் மூஞ்சி இந்தக் கதிக்கு வந்துச்சு.

— அட சாமி, நான் அது பக்கமே போகல சுசி. சேந்தமங்கலத்துல மரவள்ளி லோடு இறக்கின கையோட மருந்துக்கடைல வந்து நிக்கிறேன். கடைல சங்கீதா இருக்குது. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், என்ன வேணுமின்னு நீயே சொல்லு.

— வணக்கமுங்கக்கா. முகத்துக்கு என்னங்கக்கா ஆச்சு?

— அதயேன் கேக்கறீங்க தங்கச்சி. ஒரு மாசமா நெத்தியிலயும் கன்னத்துலயும் பரு. மொதல்ல எங்கத்தை மிளக அரைச்சு அப்பி உட்டாங்க.

— நம்ம தோட்டத்து மிளகாச்சே. காரம் சும்மாவா இருக்கும்!

— சிரிக்காதீங்க மாமா, ராத்திரி பூரா நாந்தான எரிஞ்சு கெடந்தேன். அடுத்தது மூஞ்சி கழுவ இவரு வாங்கியாந்த செவப்பு டப்பா. உள்ளாற மணலாட்டம் என்னமோ இருந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு, தோலு உரிச்ச கெழங்காட்டம் ஆயிப்போச்சு தங்கச்சி. இப்பப் பச்சத்தண்ணி பட்டாலே எரியுது.

— சங்கீதாம்மா, நான் அப்பவே சொன்னேன். நாலே நாலு பருதான் புள்ள, அது பாட்டுக்குப் போயிரும்னு.

— நாலா? தடவுனா பலாக்காயத் தடவற மாதிரி இருக்குது! உங்களுக்கென்னங்க, வெள்ளிக்கிழம எந்தம்பி கல்யாணத்துல நீங்க பந்தியோரமா நின்னுக்குவீங்க. தாலி ஏறும்போது முடிச்சுப் போடப் போறது நானு. எல்லாப் போட்டோவுலயும் எம் மூஞ்சிதான் முன்னால நிக்கும். இந்த எரிச்சலும் செவப்பும் அடங்கலைன்னா நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்.

— கேட்டியாம்மா? அவனுக்கு ஒரே அக்கா இவ. இவ வரலைன்னா அவன் மணவறைலயே உக்கார மாட்டான். எரியாத மாதிரி நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு.

— ஊட்ல விசேஷமுங்களாண்ணா?

— அதத்தானம்மா இவ்வளவு நேரமா சொல்றோம். மச்சினன் கல்யாணம்!

— இல்லீங்கண்ணா, நான் கேட்டது வந்து...

— பொறுங்க தங்கச்சி. மொதல்ல டப்பாவப் பாக்கலாம்.

— ம்ம்... சரிங்கக்கா. இந்தாங்கண்ணா, இது பருவுக்குன்னே வர்றது. மலைல இருந்து காலேஜ் போற புள்ளைக எல்லாம் இதுதான் வாங்கறாங்க.

— பச்சக் கலர்ல இருக்குது சுசி, வேப்பெல படம் போட்டிருக்கான். எடுத்துக்கட்டுமா?

— பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பாங்களே மாமா, அதப் படிங்க. காலையில ஆசுபத்திரி நர்ஸம்மா மூஞ்சியப் பாத்துட்டு, பொடி எழுத்தப் படிக்காம எதையும் பூசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— அட சாமி, இது எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. இங்கிலீசு வேற. சங்கீதா, நீயே சொல்லும்மா.

— கண்ணுல படக்கூடாது, வெயில்ல வெக்கக்கூடாது, கர்ப்பிணிங்க டாக்டரக் கேட்டுட்டுத்தான் போடணும், கொழந்தைங்க கைக்கு எட்டக்கூடாது. அவ்வளவுதானுங்கண்ணா.

— அது வேண்டாமுங்க மாமா.

— ஏன் சுசி, நல்லாத்தான இருக்குது?

— வாசம் புடிக்கல.

— வாசமா! போன்லயே வருதா உனக்கு?

— வருது. வேற காட்டச் சொல்லுங்க.

— இது நீலக் கலருங்கண்ணா. நுரை நல்லா வரும். பின்னாடி எழுதியிருக்கறது ஏறக்குறைய அதேதானுங்க.

— அதேன்னா அதுவும் வேண்டாம் தங்கச்சி.

— இதுக்கு என்ன கொறை?

— கலரு புடிக்கல.

— உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப என்னையக்கூட இத்தன கேள்வி கேக்கலியே நீ?

— உங்களுக்கும் பொடி எழுத்து இருக்குதுன்னு அப்பத் தெரியாமப் போச்சுங்க மாமா.

— அக்கா! அண்ணன் மூஞ்சியப் பாக்கோணுமே இப்ப. சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வருதுங்க. குரல் ஏனுங்கக்கா விட்டு விட்டு வருது?

— சிக்னலே இல்ல தங்கச்சி. ஊட்டுக்குப் பின்னாடி பாறை மேல ஏறி நிக்கிறேன். மலை மேல எங்க வாழவந்தி நாடு பூரா பனி இறங்கிருச்சு. என் காலே எனக்குத் தெரியல, மேகத்து மேல நின்னு பேசற மாதிரி இருக்குது.

— பாறை மேலயா? அக்கா, மொதல்ல கீழ இறங்குங்க!

— நீ ஏம்மா பதறுற? அவ மலைக்காரி. ஆட்டுக்குட்டியாட்டம் ஏறுவா.

— சும்மா இருங்கண்ணா. இறங்கிட்டீங்களாக்கா?

— இறங்குனா சிக்னல் போயிரும், அதும்மேலயே உக்காந்துட்டேன். ஏனுங்க மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணத்துல சனம் மூஞ்சிய மட்டுமா பாக்கும்? "எத்தன வருசமாச்சு, இன்னும் விசேஷம் ஏதும் இல்லியா"ன்னு கேக்குமே. அதுக்கு என்ன சொல்லுவீங்க?

— எங்கிட்டக் கேக்கட்டும். எம் பொண்டாட்டியே எனக்கு விசேஷந்தான், உனக்கென்ன போச்சுன்னு கேப்பேன்.

— கடைல ஆளு இருக்கறப்பவா இப்பிடிப் பேசுவீங்க?

— நீதான கேட்ட! சங்கீதா, நீ காதப் பொத்திக்கம்மா.

— பொத்திக்கிட்டேனுங்கண்ணா. அண்ணா, கைய நீட்டுங்க. இது வெள்ளை டப்பா. வாசம் கெடையாது, கலரு கெடையாது, உரசற மணலும் கெடையாது. நுரை மட்டும் வராதுங்க.

— நுரையே வராதா? அப்புறம் எப்பிடிம்மா அழுக்குப் போகும்?

— நுரையில ஒண்ணுமே இல்லீங்கண்ணா. காலையிலயும் ராத்திரியும் கொஞ்சமா எடுத்து, வெரல் நுனியால மெதுவாத் தடவிக் கழுவோணும். துண்டால தேய்க்கக்கூடாது, ஒத்தி எடுக்கோணும். ஒரு தடவ கையில போட்டுப் பாருங்க.

— அட!

— என்னங்க மாமா? எரியுதா?

— எங்க எரியுது! விடியால பனிக்குள்ள கைய உட்ட மாதிரி இருக்குது சுசி. லோடு இறக்கிக் காய்ச்சுப்போன கை இது. இதுக்கே இப்பிடின்னா, உன் கன்னத்துக்கு!

— பருவெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ளயே போயிருமா தங்கச்சி?

— பொய் சொல்ல மாட்டேனுங்கக்கா. பரு போக நாளாகும். எரிச்சலும் செவப்பும் அதுக்குள்ள நல்லா அடங்கிரும். தைரியமா முடிச்சுப் போடுங்க.

— பொடி எழுத்து?

— இதுல ரெண்டே வரிதானுங்க, தமிழ்லயே இருக்குது. இந்தாங்கண்ணா, இத நீங்களே படிச்சுக் காட்டுங்க.

— நானா? இரு, வெளிச்சத்துக்குக் கொண்டு போறேன். "மென்மையான, எளிதில் எரிச்சல் அடையும் சருமத்துக்கு ஏற்றது." கேக்குதா?

— கேக்குது. நீங்க படிச்சு நான் கேட்டதே இல்லீங்க மாமா. நல்லாருக்குது. அடுத்த வரி?

— "கர்ப்பிணிப் பெண்களும் பயன்படுத்தலாம்." முடிஞ்சுது.

— அத இன்னொருக்காப் படிங்க.

— "கர்ப்பிணிப் பெண்களும் பயன்படுத்தலாம்." மேல் வரிதான் சுசி நமக்கு. இது யாருக்கோ போட்டிருக்கான். சரி, இது புடிச்சிருக்குதா? இல்ல, இதுக்கும் வாசம் வருதா?

— இது புடிச்சிருக்குது.

— அப்பாடா! சங்கீதா, கட்டும்மா. ஏம்மா, நீ எதுக்கு இப்பிடிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற?

— ஒண்ணுமில்லீங்கண்ணா. எத்தன டப்பா வேணுமின்னு அக்காவக் கேளுங்க.

— ஒண்ணு போதுமா சுசி?

— ஸ்பீக்கர அமத்துங்க மொதல்ல.

— அமத்திட்டேன். கடைய உட்டே வெளிய வந்துட்டேன். சொல்லு கண்ணு.

— பத்து மாசத்துல ரெண்டு போயிருச்சுங்க மாமா. மிச்ச எட்டுக்கும் காணற மாதிரி வாங்கிட்டு, வளைவுல மெதுவா வாங்க.