சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்த பாட்டில்

பெயர் மோகனப்பிரியா, வயது 39, கணவர் பெயர் கிருபாசங்கர். சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகும் வழியில் வாடகை வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்துவருகிறேன். 11.03.2025 அன்று என் கணவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் மோதிய விபத்து சம்பந்தமாக, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவர் பம்ப் பட்டறைத் தொழிலாளி. பதின்மூன்று வருடமாகக் குடித்துவந்தார். "ஏனுங்க இப்படிக் குடிக்கறீங்க?" என்று நான் கேட்காத நாள் இல்லை. பதில் சொன்னதில்லை. வாந்தி எடுத்த துணியைத் துவைத்து, அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியது நான். அந்த நேரங்களில் என் பெயரைத் தவிர வேறு பெயரை அவர் கூப்பிட்டதில்லை.

சென்ற ஆகஸ்டில் என் கணவர், போத்தனூரில் ஓய்வுபெற்ற நர்ஸ் கிளாடிஸ் என்பவர் குடியை விட விரும்புகிறவர்களுக்காக நடத்தும் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அதன் பிறகு ஏழு மாதம் குடிக்கவில்லை. போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுவார். பேச்சுக்குப் பேச்சு "கிளாடிஸம்மா சொன்னாங்க" என்பார்.

09.03.2025 ஞாயிறு மாலை, குடும்பத்தாரும் வரலாம் என்றதால் அந்தக் கூட்டத்துக்கு நானும் போனேன். நாற்பது பேர் முன்னால் என் கணவர் எழுந்து நின்று, "எங்கூட வேல செஞ்ச திருமலைசாமி கை மிசினுக்குள்ளாற இருக்கறது தெரியாம பிரஸ்ஸ அமுக்குனது நாந்தானுங்க. நாலு வெரலு போச்சுங்க. அந்தச் சத்தம் கேக்காம தூங்கறதுக்குக் குடிச்சேன். அப்பறம் விடிஞ்சா கை நடுங்குது, அத நிறுத்தக் குடிச்சேன். கடைசில எதுக்குக் குடிக்கறேன்னே தெரியலீங்க" என்றார். கிளாடிஸ் அவர் தோளைத் தட்டி, "மொத நாளே எங்கிட்டச் சொன்னீங்களே, அதுதான் பெருசு" என்றார். பக்கத்தில் இருந்த பெண், "உங்களுக்குத் தெரியுந்தானுங்களே?" என்று கேட்டதற்கு, தெரியும் என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. 11ஆம் தேதி பகல் மதுக்கடை திறந்ததும் போய் ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கினேன். வரிசையில் நின்ற ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மதியம் சாப்பிட வந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

"யாரு அம்மணி வாங்குனது?" என்றார்.

"நாந்தானுங்க. குடிச்சுட்டிருந்தப்பத்தான் நீங்க எனக்குன்னு இருந்தீங்க."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். நான் பாட்டிலை எடுத்திருக்கலாம். எடுக்காமல், காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது பாட்டில் காலியாக இருந்தது. சோற்றில் கை வைக்கவில்லை. வண்டியும் இல்லை. அதன் பிறகு பஸ் நிலையம் அருகே, சாலையைக் கடந்த ராசாத்தாள் என்ற பூக்காரம்மாள் மீது அவர் மோதியதில் அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பும், என் கணவருக்குக் காலும் முறிந்தன.

தானே வாங்கிக் குடித்ததாக என் கணவர் போலீசாரிடம் சொல்லியிருப்பது உண்மையல்ல. நேற்று மருத்துவமனையில் நான் அழுதபோது, "ஆரு கேட்டாலும் நான் வாங்குனதுன்னே சொல்லு கண்ணு. கிளாடிஸம்மாகிட்டக்கூட அப்படித்தான் சொல்லிப்போட்டேன். நெசம் நம்ம ரெண்டு பேத்தோட இருக்கட்டும்" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பயந்துதான் இன்று காலை இங்கே வந்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கி. மோகனப்பிரியா
13.03.2025