மாக்கி வேலியில் ஒரு ஓட்டை

— இதோட நிறுத்திக்கலாம்மா. இன்னும் உள்ளே கத்தரியை விட்டா வெறும் குச்சிதான் மிஞ்சும்.

— குச்சி தெரியட்டும். வெட்டு, தோகுஜி.

— புதுவருஷத்துக்குன்னு டிசம்பர்லதானே வெட்டிட்டுப் போனேன்? ரசமட்டம் வெச்ச மாதிரி இருந்துச்சு. ஜனவரிக் குளிர்ல மாக்கிச் செடியை இவ்வளவு ஆழமா வெட்டினா, ஜூன் மழை விழற வரைக்கும் துளிர்க்காது. அஞ்சு மாசம் வேலியில ஓட்டை.

— தெரியும், தெரியும். அதுக்குத்தான் உன்னை இப்போ கூப்பிட்டேன்.

— கடல் காத்து நேரா வீட்டுக்குள்ள அடிக்கும்.

— ஸ்வெட்டர் போட்டுக்கறேன்.

— பார்க்கிறவங்க என்னம்மா சொல்லுவாங்க? தோகுஜிக்குத் தொழில் மறந்துடுச்சும்பாங்க.

— இந்த ஃபுசயே கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லிடு. உடனே நம்பிடுவாங்க.

— அதில்லைம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஹசேபாம்மா சமையல்கட்டு. இந்தப் பக்கம் நேரா உங்க குளியலறை ஜன்னல். அதைப் பார்த்தீங்களா?

— பார்த்துத்தான் கோடு போட்டுக் குடுத்தேன்.

— அந்தம்மா எப்படிப்பட்டவங்க? நான் எத்தனை மணிக்கு ஏணி வெச்சேன், டீக்கு எவ்வளவு நேரம் உக்காந்தேன்னு என்கிட்டயே ஒப்பிப்பாங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் எட்டு வருஷமா பேச்சுவார்த்தை கூட இல்லை.

— எப்படிப் பேசறது? கண்ணாடி பாட்டிலை அது எடுக்காத நாள்ல குப்பையில வெச்சேன்னு தெருக்கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னவ. ஒரே ஒரு பாட்டில். சரி, இறங்கி வா, டீ ஆறுது. ஆரஞ்சும் இருக்கு.

— குடுங்க... முழங்கையில என்னம்மா அது, இப்படிக் கன்னிப் போயிருக்கு?

— செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெந்நீர்த் தொட்டியை விட்டு எழுந்தேன். அந்தக் குளிருக்குத் தலை சுத்திடுச்சு. ஆறு மணிக்கு விழுந்தவ. எழுந்திருக்கறப்போ பத்தரை.

— அடக் கடவுளே. மகனுக்குச் சொன்னீங்களா?

— சொன்னா ஒசாகாவுலேர்ந்து வந்து என்னை முதியோர் இல்லத்துல கொண்டு போய் விடுவான். நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன். ஆனா அந்த ஈரத் தரையில தனியா கிடந்து சாகப் பயமா இருக்கு, தோகுஜி.

— பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லி வெச்சா என்னம்மா? கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு?

— அவகிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன். கேக்கவும் வேண்டாம். ஆறு மணிக்குப் போட்ட குளியலறை விளக்கு ஏழரைக்கும் எரிஞ்சுகிட்டிருந்தா அவளால பொறுக்க முடியாது. கரண்ட்டை வீணாக்கறேன்னு சண்டை போட வந்துடுவா. அதுக்குத்தான் நாலு நாளா பின்கதவைத் தாழ் போடாம வெச்சிருக்கேன்.