பட்டினி மேடத்துக்கு நொதிகலன் கூடத்தார் வாசித்தளிப்பது

நுண்ணுயிரின் நாடி பிடித்தறிந்த நுண்ணறிவே! தப்பான எண்ணுக்குத் தலைவணங்காத தன்மானமே! முப்பத்தோராண்டுப் பணியில் எங்களுக்கு மூத்தவராய், முன்னின்றவராய் விளங்கி இன்று ஓய்வுபெறும் மேடம் அவர்களே! வணக்கம்.

முன்வரிசையில் இயக்குநர் அமர்ந்திருக்கிறார். இருக்கட்டும். நடந்ததை நடந்தபடியே வாசிக்கிறோம்.

மக்கும் நெகிழி தரும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் நிறுத்தினால், வரப்போகும் பஞ்சத்துக்கு அஞ்சி அது தன் உடலுக்குள்ளேயே நெகிழியைச் சேர்த்து வைக்கும். எந்த மணியில் நிறுத்துவது, எவ்வளவு ஊட்டுவது என்பதைச் சமன்பாடுகளில் வகுத்தவர் தாங்கள். அதனால்தான் ‘பட்டினி மேடம்’ என்றோம். முதுகுக்குப் பின்னால் சொன்னதையும் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

பாக்டீரியாவை வளர்க்கும் நொதிகலனை ஐந்து முறை ஓட்டியும், செல்களின் உலர் எடையில் நெகிழி நாற்பது விழுக்காட்டைத் தாண்டவில்லை. திட்டத்தை மூட ஆணை வந்த அன்று, கலனில் ஆறாவது ஓட்டம் பாதியில் இருந்தது. வடிகால் குழாயில் கைவைத்த இயக்குநரின் எதிரே போய் நின்றீர்கள்.

“கையை எடுங்க சார். இன்னும் பத்து மணி நேரம் ஓடட்டும். எழுபது வரும்னு கணக்கு சொல்லுது. வரலேன்னா நானே திறந்து விட்டுடுறேன்.”

வந்தது ஐம்பத்திரண்டு. நாங்கள் தலையைத் தொங்கப் போட்டோம். தாங்களோ கரும்பலகையை வெறித்தபடி, “பாக்டீரியா மேல தப்பு இல்ல. அதுங்களும் மூச்சு விடணும்கிறதை என் கணக்கு மறந்துடுச்சு” என்றீர்கள். செல்கள் பெருகிக் கலவை தடித்தபின் ஆக்சிஜன் எட்டாமல் அவை திணறியதைச் சமன்பாட்டில் சேர்த்தீர்கள். கலக்கியின் வேகத்தைக் கூட்டினீர்கள். ஒரே ஒரு ஓட்டத்துக்கு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினீர்கள். அறுபத்தொன்பது! மூட வந்த ஆணை வாயை மூடிக்கொண்டது!

பெரிய சோதனை அதன்பின் வந்தது. தோற்ற ஆறு ஓட்டங்களையும் நீக்கி அறிக்கை எழுதினால் துறைத்தலைவர் நாற்காலி என்றார் இயக்குநர்.

“தோத்ததையும் சொன்னாத்தான் சார் ஜெயிச்சதை நம்புவாங்க. நாற்காலியை நீங்களே வச்சுக்குங்க.”

நாற்காலி வேறொருவருக்குப் போனது. தாங்கள் ஒப்பமிட்ட அறிக்கை அலமாரிக்குப் போனது. பதினோராண்டு அதே முக்காலியில் அமர்ந்து பணியாற்றினீர்கள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை என்றால் பொய். சுளித்தீர்கள், கத்தினீர்கள், ஒருமுறை குளிரறைக்குள் போய் அழவும் செய்தீர்கள். திருத்திய அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடவில்லை.

மேடம், தங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தோம். அந்த அறிக்கையை, ஓர் எண்ணும் மாறாமல், எங்கள் கடிதத்தோடு இன்று காலை ஆட்சிக்குழுவிடம் சேர்த்துவிட்டோம்.

நீடு வாழ்க! நிறைநலம் பெறுக! பணி ஓய்ந்தாலும் யாருக்கும் பணியாதிருக்க!

காலையில் அந்தக் கடிதத்தைப் பார்த்த துறைத்தலைவர், “யார் யார் கையெழுத்துப் போட்டீங்க? பேரைக் குறிச்சுக்கட்டுமா?” என்றார்.

“குறிச்சுக்குங்க சார். பிழையில்லாம எழுதுங்க” என்றோம்.

இங்ஙனம்,
நொதிகலன் கூடப் பணியாளர்கள்,
பதினேழு பேரும்.